எங்கிருந்து வருகிறீர்? – மன்னார்க் கரையில் மருத்துவர் கேட்ட கேள்வி

நோயாளி ஒருவர் மருத்துவர் முன் வந்து அமர்ந்ததும் அவ்விருவரிடையே முதலில் கைமாறுவது மருந்தன்று, சொல். "உமக்கு என்ன செய்கிறது?" என்று மருத்துவர் கேட்கிறார். நோயாளி தமக்குத் தெரிந்த மொழியில், தமக்கு முக்கியமாகத் தோன்றும் ஒழுங்கில், சொல்லத் தொடங்குகிறார். இந்தக் கேள்வி மறுமொழிக்கு நோய் வரலாறு கேட்டல் என்று பெயர். சோதனைக் குழாய்களும் கதிர்ப்படங்களும் மலிந்துவிட்ட இக்காலத்திலும் மருத்துவக் கல்லூரி மாணவர் நோயாளியின் கட்டிலருகே முதன்முதலாகப் பயில்வது இதனையே. இக்கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி நம் மன்னார்க் கரையிலே எழுதப்பட்டிருக்கிறது.

மன்னார் ஒரு வாயில். தலைமன்னாருக்கும் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 18 மைல் தூரமே உண்டு. முத்துக் குளிப்போரும் வணிகரும், மடுத் திருப்பதியை நாடிய யாத்திரிகரும், மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்றோரும், போர்க் காலத்தில் உயிர் தப்பி ஓடியோரும் இவ்வாயிலைக் கடந்தனர். மனிதரோடு நோயும் கடந்தது. ஆகவே, பிற ஊர்களில் மருத்துவர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்கும் கேள்வி இங்கு முதற் கேள்வியாயிற்று: நீர் எங்கிருந்து வருகிறீர்?

பழைய நம் வைத்திய மரபில் இக்கேள்விக்குப் பெரிய தேவை இருக்கவில்லை. பரியாரியார் தம் ஊரவரையே பார்த்தார். நோயாளியின் தகப்பனுக்கு இழுப்பு இருந்ததும், பாட்டி நீரிழிவால் மெலிந்ததும் அவருக்கு முன்னமே தெரியும். சித்த மருத்துவர் வகுத்த எண்வகைத் தேர்வுகளை எண்ணிப் பாருங்கள்: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். மொழி என்பது அங்கு இடம்பெறுகிறது. ஆனால் அது பெரும்பாலும் குரலின் தன்மையைக் குறிப்பது, நோயாளி சொல்லும் செய்தியையன்று. குரல் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, குழறுகிறதா என்று வைத்தியர் செவிமடுத்தார். வடமொழி ஆயுர்வேத நூலாரோ காணுதல், தொடுதல், வினாவுதல் என மூன்றாகப் பகுத்து, வினாவுதலுக்குத் தனி இடம் தந்தனர். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருந்து கொடுக்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. ஆராயும் வழி யாது என்பதை அவர் மருத்துவனுக்கே விட்டுவிட்டார்.

கிரேக்க உலகில் இது பற்றி ஒரு விவாதமே நடந்தது. கி.பி. 100ஆம் ஆண்டளவில் வாழ்ந்த எபேசு நகரத்து ரூபஸ் என்னும் மருத்துவர், நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களைப் பற்றித் தனியொரு நூல் எழுதினார். கேளாமலே நோயை அறிந்துவிடலாம் என்று கூறிய ஒரு பழைய மருத்துவரை அந்நூலில் அவர் மறுக்கிறார். கேள்விக்கு நோயாளி தரும் பதிலிலிருந்தே அவரது அறிவு தெளிந்திருக்கிறதா, மயங்கியிருக்கிறதா என்பது புலனாகும் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. மற்றொரு காரணம் நமக்கு இன்னும் பொருத்தமானது. அயலூருக்குச் செல்லும் மருத்துவன் அங்குள்ள நீர் எத்தகையது, உணவு எத்தகையது, அங்கு வழங்கும் நோய்கள் எவை என்பவற்றை அவ்வூராரைக் கேட்டே அறிய வேண்டும். எவ்வளவு கற்றிருந்தாலும் தானாக அறிய முடியாது என்றார் ரூபஸ். மன்னாருக்கு மாற்றலாகி வரும் எந்த மருத்துவருக்கும் இதனைச் சொல்லி அனுப்பலாம்.

இனி முத்துச் சலாபத்துக்கு வருவோம். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்கள் ஆண்டின் பெரும்பகுதியில் ஆளரவமற்ற மணற்பரப்புகளாய்க் கிடக்கும். சலாபம் கூடிய ஆண்டுகளிலோ சில கிழமைகளுக்குள் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே அங்கு எழும். தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், மன்னார், யாழ்ப்பாணத்துக் கடலோடிகளும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் அங்கு கூடினர். 1905ஆம் ஆண்டுச் சலாபமே அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது. ஏறக்குறைய 5,000 குளியாட்கள் சேர்ந்து 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். மறு ஆண்டு அப்படுகைகள் ஒரு கம்பெனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டதும், சிப்பி கிடையாமல் அக்கம்பெனி 1912இல் மூடப்பட்டதும் வேறு கதை.

சிப்பி அழுகிய நாற்றமும், ஈக்களின் மொய்ப்பும், பற்றாக்குறையான நன்னீரும் நிறைந்த அத்தகைய நகரத்தில் வாந்திபேதி தோன்றினால் என்னவாகும்? 19ஆம் நூற்றாண்டில் அந்நோயின் காரணமாகச் சலாபம் இடையில் கலைந்த ஆண்டுகளும் உண்டு. அங்கு நியமிக்கப்பட்ட மருத்துவர் அரபு மொழி பேசுபவனிடம் துபாசி ஒருவனை வைத்தே பேச வேண்டும். எத்தனை முறை வயிறு போயிற்று, எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தாய் என்ற கேள்வி இரண்டு வாய்களைக் கடந்து போய், பதில் இரண்டு வாய்களைக் கடந்து வரும். வழியில் எவ்வளவு உதிர்ந்ததோ!

எந்தத் தண்ணீர் என்ற அக்கேள்வியின் வலிமையை உலகுக்கு உணர்த்தியவர் லண்டன் மருத்துவர் ஜோன் ஸ்னோ. 1854இல் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது அவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கிருந்து குடிநீர் பெற்றனர் என்று உறவினரை விசாரித்தார். பிரோட் வீதிக் குழாய்க் கிணற்றின்மேல் ஐயம் விழுந்தது. ஆனால் அவ்வீதிக்கு வெகு தூரத்தில், ஹம்ஸ்ரெட் என்னும் இடத்தில், விதவை ஒருவரும் அதே நோயால் இறந்திருந்தார். ஸ்னோ அவருடைய மகனிடம் விசாரித்தார். முன்பு பிரோட் வீதியில் வாழ்ந்த அப்பெண்மணி அந்த நீரின் சுவையை விரும்பி, நாள்தோறும் ஒரு போத்தல் வரவழைத்துக் குடித்து வந்தார் என்பது தெரிந்தது. வாந்திபேதிக் கிருமியை ரொபேட் கொக் கண்டு விளக்கியது 1884ஆம் ஆண்டளவில். கிருமியைக் காண்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கேட்டறிந்த பதில்கள் வழியைக் காட்டிவிட்டன.

அக்காலத்தில் மன்னார்க் கரையில் இதைவிடப் பெரிய துயரம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1830களிலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் இராமேசுவரத்தில் தோணியேறித் தலைமன்னார், பேசாலைக் கரைகளில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வடபாதை என்று பெயர் பெற்ற அவ்வழியில் காய்ச்சலும் வாந்திபேதியும் பட்டினியும் அவர்களைத் தின்றன. நோயுற்றவனை விட்டுவிட்டுக் கூட்டம் முன்னே நடந்துவிடும். அவனுடைய நோய் வரலாற்றை யார் கேட்டது? பெயரைக்கூட எழுதாத சாவுகள் அவை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் கொள்ளைநோய் பரவியபோது அரசாங்கம் விழித்துக்கொண்டது. நடைபாதை கைவிடப்பட்டது, தடுத்துவைத்துச் சோதித்த பின்னரே ஆட்களை இறங்கவிடும் ஏற்பாடு வந்தது. 1914இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகைவண்டித் தொடர்புக் கப்பலும் ஏற்பட்டபின், எதிர்க்கரையிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமே தொழிலாளர் அனைவரும் கடந்து வர வேண்டிய வாசலாயிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கத்தின் முகாம்! சில நாட்கள் அங்கு தங்க வைத்தமைக்குக் காரணம் உண்டு. வாந்திபேதிக் கிருமி உடலினுட் சென்று சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் நோயாக வெளிப்படும். ஐந்தாறு நாள் காத்திருந்தால் வாயால் கேட்க வேண்டியதை உடலே சொல்லிவிடும் அல்லவா?

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தடுப்பு முகாமில் கேட்கப்படும் கேள்வியும் ஆஸ்பத்திரியில் கேட்கப்படும் கேள்வியும் சொல்லளவில் ஒன்றே. ஊர் எது, எத்தனை நாளாயிற்று, வீட்டில் வேறு எவருக்கேனும் காய்ச்சல் உண்டா என்பனவே அவை. ஆயினும் ஆஸ்பத்திரியில் உண்மை சொன்னவனுக்கு மருந்து கிடைக்கும். முகாமில் உண்மை சொன்னவன் மனைவி மக்களைப் பிரிந்து இன்னும் பல நாள் கிடக்க நேரும், அல்லது திருப்பி அனுப்பப்படுவான். கங்காணியிடம் முற்பணம் வாங்கிக் கடனோடு புறப்பட்ட ஒருவனுக்குப் பிள்ளையின் வயிற்றோட்டத்தை மறைக்கத் தோன்றாதா? அவன் பொய்யன் என்று கொள்வது எளிது. பதிலுக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று பார்ப்பதே நேர்மை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளியின் கழுத்திலே தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கட்டி அனுப்பும் முறையும் வந்தது. அவன் எங்கே போகிறான் என்பதை அத்தகரமே சொல்லிற்று. அவனை எவரும் கேட்கத் தேவையில்லாமற் போயிற்று.

நோயாளியின் மொழியிலே மருத்துவம் பயிற்றுவிக்க வேண்டும் என்று எண்ணிய ஒருவரை இங்கு நினைவுகூர்தல் தகும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். பின்னாளில் பாடங்களை முழுவதும் தமிழிலேயே நடத்தினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியபின் ஆங்கிலமே மருத்துவக் கல்வியின் மொழியாயிற்று. அன்று தொட்டு நம் மருத்துவர் தமிழிற் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி வருகின்றனர்.

இதில் என்ன இழப்பு என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு முதியவர் "கால் உளையுது" என்கிறார். மற்றொருவர் "கடுக்குது" என்கிறார். வேறொருவர் "விறைக்குது" என்கிறார். உளைவும் கடுப்பும் விறைப்பும் வேறு வேறு. குத்து, எரிவு, இழுப்பு, பிடிப்பு, இடி என்று நம் மக்கள் நோவை வகுத்து வைத்திருக்கும் நுட்பம் வியக்கத்தக்கது. இவை எல்லாவற்றையும் நோவு என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல்லால் மருத்துவர் குறித்துக்கொண்டால், நோயாளி வருந்தித் தேடித் தந்த அடையாளம் அத்தாளிலே மறைந்துவிடுகிறது.

தமிழுக்குள்ளும் தமிழ் தடுமாறும். நாம் தலையிடி என்பதை எதிர்க்கரையார் தலைவலி என்பர். நாம் சத்தி என்பது அவர்க்கு வாந்தி. நாம் தடிமன் என்பது அவர்க்குச் சளி. 1990ஆம் ஆண்டில் மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் ஏறி இராமேசுவரம் சேர்ந்தனர். அவர்களைத் தங்கவைத்த இடங்களுள் ஒன்று, ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளரைத் தடுத்துவைத்த அதே மண்டபம். அங்கே நம்மூர்க் கிழவி ஒருத்தி "நாரி நோகுது, தம்பி" என்று தமிழ்நாட்டு மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அவர் திகைத்திருப்பார். இலக்கியம் படித்தவராயின் இன்னும் கூடுதலாகத் திகைத்திருப்பார். நாரி என்றால் அவருக்குப் பெண்ணன்றோ! இடுப்பைத் தொட்டுக் காட்டிய பின்னரே வழக்குத் தீரும்.

எங்கிருந்து என்ற கேள்வியோடு, என்ன தொழில் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று 1700இல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் ரமஸினி. தொழிலாளரின் நோய்களைப் பற்றி அவர் செய்த நூலில், முன்னோர் கேட்கச் சொன்ன வினாக்களோடு இதனையும் கேளுங்கள் என்று மருத்துவரை வேண்டினார். மன்னார்க் கரையில் இக்கேள்வி உயிர் காப்பது. 1803இல் வெளிவந்த தமது நூலில் பேர்சிவல் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, முத்துக் குளிப்போர் இரண்டு நிமிடமளவு நீருள் இருப்பதையும், மேலே வந்ததும் வாய், மூக்கு, காதுகளிலிருந்து நீரும் சில வேளைகளில் இரத்தமும் வருவதையும் குறித்துள்ளார். அவர்கள் மூச்சடக்கி மூழ்கினர். இன்று சங்கும் கடலட்டையும் எடுப்போர் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டி, பல பாகம் ஆழத்தில் நெடுநேரம் இருக்கின்றனர். அழுத்தம் மிகுந்த ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைவாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் அது குமிழிகளாகிறது. இதனை 1878இல் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் விளக்கினார். எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற அட்டவணையை 1908இல் ஹோல்டேன் வகுத்தார்.

அக்குமிழி முள்ளந்தண்டு நாணைத் தாக்கினால் கால்கள் மரத்துச் செயலிழக்கும். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம் என்பதே இதிலுள்ள ஆபத்து. கடலிலிருந்து வந்து, குளித்து, உண்டு, படுத்தவன் எழ முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். என்ன தொழில் என்று கேளாத மருத்துவர் பாரிசவாதம் என்று எண்ணிவிடக்கூடும். கேட்டவரோ எத்தனை பாகம், எத்தனை முறை, எவ்வளவு நேரம், ஏறியது எவ்வளவு விரைவு என்று தொடர்ந்து கேட்பார். இவ்வகைக் கேள்விக்கு இன்னோர் எடுத்துக்காட்டு, விடியற்காலையில் வயிற்றுவலியோடு வரும் வயற்காரர். "இராத்திரி நிலத்திலா படுத்தீர்?" என்று கேட்க வேண்டும். கட்டுவிரியன் தீண்டினால் நோவும் இராது, வடுவும் தெரியாமற் போகலாம். வயிற்றுவலி முதலில் வரும், கண்ணிமை பிறகே சரியும். எந்தக் கருவியும் இக்கேள்விக்கு முன்பாக விடை சொல்லாது.

கருவிகளை நான் பழிக்கவில்லை. 1816இல் லைனெக் இதயத்துடிப்புக் கேட்கும் குழலைக் கண்டது மருத்துவ வரலாற்றில் பெரு நிகழ்ச்சி. ஆனால் நெஞ்சின் ஒலியைக் கேட்கும் கருவி வந்தபின் நெஞ்சுக்குடையவரின் பேச்சைக் கேட்பது குறைந்தது என்று கூறுவோரும் உளர். 1975இல் இங்கிலாந்து மருத்துவர் ஹம்டனும் துணைவரும் புதிதாக வந்த 80 நோயாளரை வைத்து ஆராய்ந்தனர். அவருள் 66 பேரின் நோயை வரலாறு கேட்டவளவிலேயே சரியாக அறிய முடிந்தது. உடற்பரிசோதனை 7 பேரிலும், ஆய்வுகூடச் சோதனைகள் 7 பேரிலுமே முடிவை மாற்றின. 1984இல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் என்போர் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டார் என்று கண்டனர். நம் வெளிநோயாளர் பிரிவுகளில் 18 விநாடி கிடைத்தால் அது நல்ல நாள் என்பார் பலர்! வரிசையின் நீளத்தை அறிந்தவர்கள் மருத்துவரையும் முழுக்கக் குறைகூறார்.

இனி மலேரியா. இலங்கையில் 1934, 35ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்ற நோய் அது. டீ.டீ.ரீ. தெளித்ததன் பயனாக 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே கண்டது. ஒழிந்தது என்று கவனம் தளர்ந்ததும், 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. மீண்டும் நெடுங்காலம் போராடி, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டுத் தொற்று இல்லையென்ற நிலை வந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், மன்னார்த் தீவில், பேசாலைப் பகுதிக் கிணறுகளில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பின் குடம்பிகள் காணப்பட்டன. அதுவரை இலங்கையில் அந்நுளம்பு அறியப்பட்டதில்லை.

நுளம்பு இருந்தால் மட்டும் நோய் வராது. கிருமியைச் சுமந்த மனிதர் ஒருவரும் வேண்டும். 2018இல் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே காய்ச்சலோடு வருபவரிடம் அண்மையில் வெளிநாடு சென்று வந்தீரா என்று கேட்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது. இன்றைய இளம் மருத்துவருள் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணாற் கண்டதில்லை. முன்பு குளிரும் நடுக்கமுமாக ஒருவர் வந்தால் கேளாமலே இரத்தம் சோதிப்பர். இப்போது அந்தச் சோதனைக்கு வழி திறப்பது இந்த ஒரு கேள்வியே.

கடவுச்சீட்டோடு போய் வந்தவர் தயங்காமற் சொல்வார். மன்னார்க் கரையில் எல்லாரும் அப்படிப் போய் வருவதில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இரவில் வள்ளத்தில் புறப்பட்டுத் தனுஷ்கோடி மணற்றிட்டுகளில் இறங்கிய குடும்பங்கள் உண்டு. அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடமும் மண்டபமே. அவ்வாறு போய் வந்த ஒருவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வாங்கில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் "எங்கேயாவது போய் வந்தீர்களா, ஐயா?" என்று கேட்கிறார். பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். வாசலிலே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வேறு வேலையாக நிற்கிறார். "இல்லை" என்கிறார் நோயாளி. அனுபவமுள்ள மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, வரிசை கலைந்தபின் திரும்பவும் வரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொரு முறை கேட்பார்.